காசிமேட்டு எடைத் தராசும் புது மடிக்கணினியும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் இறால் மொத்த வியாபாரம் செய்யும் அக்கா ஒருவரின் கொட்டகையில் 100 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசு இருக்கிறது. தட்டு துருப்பிடிக்காத எஃகு; எடை காட்டும் பெட்டியின் பின்புறம் ஒன்பது பின் கொண்ட பழைய சீரியல் போர்ட். அதிலிருந்து ஒரு கேபிள் பில் போடும் கணினிக்குப் போகும். கூடையைத் தட்டில் வைத்தால் எடை தானாகத் திரையில் வந்து விழும். யாரும் எண்ணைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அந்தக் கணினி கடற்காற்றில் அரித்துப் போய் நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லை, யூஎஸ்பி மட்டும்தான்.

தராசையே மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். அக்கா என்னிடம் முதலில் சொன்னதே இதுதான்: "தராசை மாற்றச் சொல்லாதே தம்பி. போன மாதம்தான் முத்திரை குத்தி வாங்கினேன். இதன் எடையைத்தான் படகுக்காரர்கள் நம்புகிறார்கள்." எனக்கும் அதே எண்ணம்தான். நன்றாக உழைக்கும் கருவியை, கணினியில் பொருந்தும் துளை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போடுவது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத காரியம்.

அந்த முத்திரை வேலையின் எல்லையையும் வகுத்துவிட்டது. வியாபாரத்துக்குப் பயன்படும் மின்னணுத் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும்; தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது. ஈய முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தால் தராசு வியாபாரத்துக்கு ஆகாது. ஆகவே உள்ளே இருக்கும் போர்டில் நேரடியாகக் கம்பி பற்றவைக்கும் யோசனைக்கே இடமில்லை. வெளியே தெரியும் ஒன்பது பின்னோடுதான் எல்லா வேலையும்.

ஏற்கெனவே யாரோ வாங்கிக் கொடுத்த யூஎஸ்பி கேபிள் ஒன்று அங்கே கிடந்தது. மடிக்கணினியில் செருகினால், விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோடு 10' என்ற பிழையும் வந்தன. தலைப்பகுதியைப் பிளந்து பார்த்தேன். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் பெயரோ எண்ணோ இல்லாத கறுப்புப் பிசின் துளி. மின்னழுத்தத்தை மாற்றித் தரும் இரண்டாவது சில்லு அதில் இல்லவே இல்லை. அதற்குப் பதில் நான்கைந்து ரெசிஸ்டர்கள். இப்படிப்பட்ட கேபிள்கள் மேசையில் இருக்கும் சில கருவிகளோடு வேலை செய்யும். எட்டு மீட்டர் தள்ளி, பெரிய மோட்டார்களுக்கு நடுவில் இருக்கும் தராசுக்கு அவற்றை நம்பக் கூடாது.

இந்த வேலையை எடுக்கும் யாருக்கும் நான் சொல்வது: கணினியைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனையை ஐந்தாம் பின்னில் வையுங்கள். அது பொது கிரவுண்டு, மற்ற மின்னழுத்தங்களை அளக்கும் பூஜ்யப் புள்ளி. சிவப்பு முனையை இரண்டாம் பின்னிலும் பிறகு மூன்றாம் பின்னிலும் வைத்துப் பாருங்கள். இந்தத் தராசில் மூன்றாம் பின் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. இரண்டாம் பின்னில் மைனஸ் 8.4 வோல்ட், தராசு எடையை அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் மைனஸ் 6 வரை இறங்கி ஆடியது. இந்த ஓர் அளவீட்டிலேயே மூன்று செய்திகள் கிடைத்துவிட்டன. மைனஸ் மின்னழுத்தம் என்பதால் இது அசல் ஆர்எஸ்-232. இரண்டாம் பின் வழியாகத் தராசு பேசுகிறது, மூன்றாம் பின் வழியாகக் கேட்கிறது. எனவே கம்பிகளைக் குறுக்கே மாற்ற வேண்டியதில்லை. எண் ஆடுவதால், யாரும் கேட்காமலே தராசு தொடர்ந்து எடையை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஆர்எஸ்-232 என்பது சீரியல் இணைப்புக்காக 1960-இல் வந்த தரம். அதில் பிளஸ் 3 முதல் 15 வோல்ட் வரை இருந்தால் பூஜ்யம் என்ற பிட், மைனஸ் 3 முதல் 15 வரை இருந்தால் ஒன்று என்ற பிட். சும்மா இருக்கும்போது கம்பி மைனஸில் நிற்கும். யூஎஸ்பியையும் சீரியலையும் இணைக்கும் பாலச் சில்லுகள் பேசுவதோ 0-க்கும் 5 அல்லது 3.3 வோல்ட்டுக்கும் இடையில். அங்கே சும்மா இருக்கும் கம்பி மேலே நிற்கும். அளவும் வேறு, திசையும் தலைகீழ். தராசின் மைனஸ் 8 வோல்ட்டைப் பாலச் சில்லின் காலில் நேராகக் கொடுத்தால் சில்லு போய்விடும். நடுவில் மேக்ஸ்232 போன்ற மாற்றி கட்டாயம் வேண்டும். அதைச் சுற்றி நான்கு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள். அவற்றைக் கொண்டே 5 வோல்ட்டிலிருந்து பிளஸ் மைனஸ் 8 வோல்ட்டுக்கு அருகில் அது உண்டாக்கிக்கொள்ளும்.

ஆக, இரண்டு சில்லுகள், இரண்டு தனித்தனி வேலைகள். மேக்ஸ்232 மின்னழுத்தத்தை மாற்றுகிறது. பாலச் சில்லு பேச்சையே மாற்றுகிறது: கணினி யூஎஸ்பி பொட்டலங்களாகப் பேச, தராசு பிட் பிட்டாகப் பேச, பழைய ஜார்ஜ் டவுன் துபாஷியைப் போல நடுவில் நின்று இரு தரப்புக்கும் புரியவைப்பது அதுதான். கேபிள் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் இவற்றில் எது பழுதானது என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்தப் பாலச் சில்லு என்பது அடுத்த முடிவு. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை நான்கு குடும்பங்கள். சீனாவின் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்340 மிக மலிவு. ஆர்டுயினோ நகல் போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். சிஎச்340ஜி வகைக்கு வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் வேண்டும், சிஎச்340சி வகைக்கு அதுவும் வேண்டாம். என் மேசையில் தினசரி வேலைக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்தச் சில்லுகளில் பொதுவாகத் தனி வரிசை எண் இருக்காது. அதனால் விண்டோஸ், யூஎஸ்பி துளை மாறும்போதெல்லாம் புதுக் கருவி வந்துவிட்டது என்று எண்ணி, சீரியல் போர்ட்டுக்குத் தான் வைக்கும் அடையாளமான காம் போர்ட் எண்ணை மாற்றிவிடும். கொட்டகையில் காலை நாலரை மணிக்கு ஈரக் கையோடு கேபிளைச் செருகும் பையன், நேற்று எந்தத் துளை என்று நினைவு வைத்திருக்க மாட்டான். அவன் அப்படி நினைவு வைத்திருக்க வேண்டிய நிலையை உண்டாக்குவதே தவறு.

சிலிக்கான் லேப்ஸின் சிபி2102-இல் வரிசை எண் உண்டு, ஆனால் கடையில் கிடைக்கும் போர்டுகள் பலவற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே 0001 என்ற எண்ணே இருக்கும். ஒரு கணினியில் ஒன்று மட்டும் என்றால் அது தொல்லை இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர்எல் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணோடு வருகிறது. எந்தத் துளையில் செருகினாலும் காம் எண் மாறாது. இந்தக் கொட்டகைக்கு நான் அதைத் தேர்ந்தெடுத்தது அதற்காகவே. தைவானின் பிரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 குடும்பத்தில் பழைய வகைகளைப் புது விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை என்பதால் பழைய கேபிள் வாங்குகிறவர்கள் எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

எஃப்டி232-இல் ஓர் எச்சரிக்கை உண்டு. சந்தையில் போலிகள் ஏராளம். ஒரு போலியின் மேலோட்டை நீக்கி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், உள்ளே அசலைப் போல நடிக்கும் நிரல் எழுதப்பட்ட வேறொரு மைக்ரோகண்ட்ரோலர் இருப்பதைக் கண்டார்கள். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. காசு கொடுத்து வாங்கியவரின் கருவி ஒரு விண்டோஸ் அப்டேட்டில் செத்துப் போனது. போலி செய்தவனைத் தண்டிக்கப் போய் ஒன்றும் அறியாத பயனரைத் தண்டித்தார்கள் என்பதே இன்றும் என் கருத்து. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகு, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் நான் சில்லின் முதுகைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் பயன்படுத்துவதில்லை. அசலில் எழுத்துகள் லேசரால் மெல்லியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்; கண்டறியப்பட்ட போலிகளில் அவை மையால் அச்சிட்டவை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கொட்டகை ஓய்ந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் போர்டைக் கட்டினேன். முதலில் எஃப்டி232ஆர்எல் போர்டும் மேக்ஸ்232-வும் மட்டும். எடைப் பெட்டியின் மெனுவில் வேகம் வினாடிக்கு 9600 பிட், எட்டு பிட், பேரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று இருந்தது. ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் வினாடிக்கு 960 எழுத்துகள். எண்கள் ஒழுங்காகத் திரையில் ஓடின.

மடிக்கணினியை அணைத்து மீண்டும் இயக்கியபோது வேறொரு விசித்திரம் வெளிப்பட்டது. தராசு இயங்கிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் எழுந்தால், மவுஸ் சுட்டி திரை முழுக்கத் தாவும், தானாகக் கிளிக் செய்யும், கோப்புகள் திறக்கும். வைரஸ் என்று பயந்து கணினியையே அழித்து நிறுவியவர்களை எனக்குத் தெரியும். உண்மைக் காரணம் எளிது. சீரியல் போர்ட்டில் மவுஸ் இணைத்த காலத்தின் மிச்சமாக, புதிய சீரியல் போர்ட் தெரிந்ததும் அதில் மவுஸ் இருக்கிறதா என்று விண்டோஸ் தேடிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் தராசு இடைவிடாமல் அனுப்பும் எடையை மவுஸின் அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்' என்ற பெயரில் அது உட்கார்ந்திருக்கும். எஃப்டிடிஐ டிரைவரில், அந்தக் காம் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'சீரியல் எனுமரேட்டர்' என்ற கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிட்டால் இந்தத் தேடல் நின்றுவிடும். தராசு, ஜிபிஎஸ் என்று தானாகப் பேசும் கருவி எதை இணைத்தாலும் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே போன்ற ஒன்று காத்திருக்கிறது. உபுண்டு 22.04-இல் சிஎச்340-ஐச் செருகினால் போர்ட் தோன்றி உடனே மறையும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், அடையாள எண் ஒத்துப்போவதால் அந்தச் சில்லைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறவர்கள் அந்த ஒரு அடையாள எண்ணுக்கான விதியை மட்டும் நீக்கினால் போதும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப்படுவது, ஏனென்றால் இதில் பணம் இருக்கிறது. தராசு அனுப்பும் ஒவ்வொரு வரியும் குறி, எண், அலகு என்று வந்து வரி முடிவு எழுத்துகளோடு நிற்கும். ஆனால் எஃப்டி232 வரி என்றால் என்னவென்று அறியாது. அது 64 பைட் பொட்டலமாகக் கணினிக்கு அனுப்பும். அதில் 2 பைட் நிலைச் செய்தி, 62 பைட் தரவு. பொட்டலம் நிறையாவிட்டால் 16 மில்லிவினாடி காத்திருந்து, வந்தவரை அனுப்பிவிடும். 9600 வேகத்தில் 16 மில்லிவினாடியில் ஏறத்தாழ 15 எழுத்துகள்தான் வந்திருக்கும். ஆகவே ஒரு வரி இரண்டு பொட்டலங்களாக உடைவது இங்கே அன்றாட நிகழ்வு. கையில் கிடைத்ததை எடுத்து எண்ணாக்கும் மென்பொருள், 12.450 கிலோ என்ற எடையின் முதல் எழுத்து முந்திய பொட்டலத்தோடு போய்விட்டால் 2.450 என்று பில் போட்டுவிடும். இறாலில் பத்து கிலோ என்பது ஒரு மீனவக் குடும்பத்தின் சில நாள் வருமானம்.

பழைய கணினியில் இருந்த நிரல் இருபது எழுத்துகளாக எண்ணிப் படித்துக்கொண்டிருந்தது. அதைக் கைவிட்டுப் பைத்தானில் புதிதாக எழுதினேன். வரி முடிவு எழுத்து வரும்வரை சேர்த்து வைக்கும். வரியின் நீளமும் அலகும் சரியாக இருந்தால்தான் ஏற்கும். தொடர்ந்து மூன்று வரிகள் ஒரே எடையைச் சொன்னால்தான் பில்லுக்குள் விடும். பேரிட்டி இல்லாத இணைப்பில் ஓர் எழுத்து கெட்டுப்போனாலும் வேறு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இந்த மூன்று வரி ஒப்பீடுதான் காவல். டிரைவரில் அந்த 16 மில்லிவினாடியை 1 ஆகக் குறைக்கலாம். தராசுக்கு அது தேவையில்லை. குறைத்தாலும் வரி உடைவது நிற்காது.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. கொட்டகையில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. மூன்று ஃபேஸ் மோட்டார், சுவரில் அதை இயக்கி நிறுத்தும் காந்த ஸ்விட்சான கான்டாக்டர். அது விடுபட்டு மோட்டார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் மடிக்கணினியில் யூஎஸ்பி கழன்ற ஓசை, உடனே திரும்ப இணைந்த ஓசை. நிரல் திறந்து வைத்திருந்த காம் போர்ட் அதோடு செத்துவிடும். இது வரும் என்று தெரிந்தே தடுப்புக்கான பாகங்களை எடுத்து வைத்திருந்தேன். ஆனால் தடைக்காலத்தில் இயந்திரம் ஓடாததால் அங்கே சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது.

காரணம் கிரவுண்டு. தராசு ஒரு பிளக்கில், மடிக்கணினி வேறொரு மூலையில் இன்னொரு பிளக்கில். இரண்டின் கிரவுண்டையும் ஐந்தாம் பின் கம்பி நேரடியாக இணைக்கிறது. பெரிய மோட்டார் நிற்கும்போது எழும் அதிர்ச்சி அந்தக் கம்பி வழியாகவே யூஎஸ்பிக்குள் நுழைகிறது. தீர்வு, இரு பக்கத்துக்கும் நடுவில் உலோகத் தொடர்பே இல்லாமல் செய்வது. எஃப்டி232-க்கும் மேக்ஸ்232-க்கும் இடையில் ஏடியுஎம்1201 என்ற தனிமைப்படுத்தும் சில்லை வைத்தேன். எட்டுக் கால், போக ஒரு வழி, வர ஒரு வழி, 2500 வோல்ட் வரை தாங்கும். தராசுப் பக்கத்துக்கு மின்சாரம் கொடுக்க பி0505எஸ் என்ற சிறிய மின்மாற்றித் தொகுதி: யூஎஸ்பியின் 5 வோல்ட்டை வாங்கி, தொடர்பில்லாத இன்னொரு 5 வோல்ட்டாகத் தரும், 1 வாட்.

அந்தத் தொகுதியில் கவனிக்க வேண்டியது ஒன்று. அது வெளியீட்டைத் தானாகச் சீர்செய்யாது; சுமை குறைந்தால் மின்னழுத்தம் ஏறும். சுமையில்லாமல் அளந்தபோது 5.9 வோல்ட் காட்டியது. ஏடியுஎம்1201-க்கு 5.5 வோல்ட்தான் மேல் வரம்பு. மேக்ஸ்232 எடுக்கும் மின்சாரம் போதாது என்பதால் வெளியீட்டில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டேன். அது 11 மில்லியாம்பியரை வீணாக எரிக்கிறது, மின்னழுத்தம் 5.1-இல் நிற்கிறது.

துளைப் போர்டில் கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். ஏடியுஎம்1201-இன் வயிற்றுக்குக் கீழே, இரண்டு பக்கக் கால்களுக்கும் நடுவில் ஓடும் செம்பு வளையங்களைக் கூர்மையான பிளேடால் வரிசையாகச் சுரண்டி எடுத்தேன். பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு, பற்றவைக்கும்போது தங்கும் ஃபிளக்ஸ் பிசுபிசுப்பு போகும்வரை தேய்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி சுத்தமான மஞ்சள் பட்டையாகத் தெரிய வேண்டும். ஒரு துளி ஃபிளக்ஸ் தங்கினாலும் காசிமேட்டின் உப்பு ஈரம் அதில் ஏறி, தனிமைப்படுத்திய இரு பக்கத்தையும் மெல்ல ஒன்று சேர்த்துவிடும். எல்லாம் காய்ந்த பிறகு போர்டு முழுக்க அக்ரிலிக் பூச்சு அடித்தேன்.

போர்டை எங்கே வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. முன்பு யாரோ நீளமான யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளைத் தராசு வரை இழுத்திருந்தார்கள். இந்தச் சில்லுகளின் வேகத்தில் யூஎஸ்பி கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆர்எஸ்-232-வோ 9600 வேகத்தில் 15 மீட்டர் வரை கவலையின்றிப் போகும். எனவே நீளமாகப் போக வேண்டியது சீரியல் கேபிள்தான். போர்டை மடிக்கணினிக்கு அருகில் வைத்து, தராசிலிருந்து எட்டு மீட்டருக்கு ஷீல்டு (உலோகப் பின்னல் உறை) போட்ட கேபிளை இழுத்தேன். ஷீல்டைத் தராசுப் பக்கம் மட்டும் இணைத்தேன். மறுபக்கத்தையும் இணைத்தால் தனிமைப்படுத்தியதற்கே பொருளில்லாமல் போகும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஐஸ் இயந்திரத்தின் கான்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர் சேர்ந்த, மின் அதிர்ச்சியை உறிஞ்சும் ஸ்னப்பர் ஒன்றையும் போட வைத்தேன். தொல்லை பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பது நல்லது. நிரலிலும், போர்ட் தொலைந்தால் மூடிவிட்டுத் திரும்பத் திறக்கும் பகுதியைச் சேர்த்தேன். இப்போது இயந்திரம் ஓடி நிற்கும்போதெல்லாம் திரையில் எடை அசையாமல் நிற்கிறது. அக்கா வஞ்சிரக் கூடை ஒன்றைத் தானே தூக்கி வைத்து, பையனை ஐஸ் இயந்திரத்தைப் போட்டு நிறுத்தச் சொல்லி, எடைப் பெட்டியின் எண்ணையும் மடிக்கணினியின் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படகுக்காரர் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது. தராசின் ஒன்பது பின்களில் நான் பார்த்தபோதே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஆல்கஹாலால் துடைத்து, தங்கப் பூச்சுள்ள இணைப்பியைப் போட்டு, சிலிகான் கிரீஸ் தடவித் திருகிவிட்டேன். போர்டு ரப்பர் வளையம் உள்ள பெட்டிக்குள் இருக்கிறது, கேபிள்கள் கிளாண்டு என்ற இறுக்கமான வாய் வழியாகக் கீழ்ப்பக்கம் நுழைகின்றன. மேலிருந்து நுழைத்தால் மீன் கழுவும் தண்ணீர் கேபிளோடு வழிந்து உள்ளே போகும். மழைக்காலம் தொடங்குமுன் திருகைக் கழற்றிப் பின்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எஃப்டி232 போர்டை மட்டும் சாக்கெட்டில் செருகி வைத்திருப்பதால், அது கெட்டால் பற்றவைக்கத் தெரியாதவரும் மாற்றிவிடலாம். மாற்றுப் போர்டு ஒன்று, அசல் என்று பார்த்து எடுத்தது, அதே பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் காம் எண்ணையும் முன்கூட்டியே நிரலில் சேர்த்துவிட்டேன்.